ஜன்னலிலிருந்து எடுத்த படம்

ஆம்புலன்ஸ் ஓட்டும் அவருக்குப் பயமே கிடையாது என்று தெருவில் பேச்சு. நொறுங்கிய காருக்குள் தலையை நுழைத்து ஆளை வெளியே இழுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிடுவார். "எமனே எதிர்ல வந்தாலும் ஓரமா போய்யான்னுதான் சொல்வாரு" என்பாள் மனைவி.

ஷிப்ட் மாறியதால் ஒரு மத்தியானம் வீட்டில் இருந்தார். பதினொரு வயது மகள் குளித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் கிடந்த அவளுடைய டேப்லெட் ஒளிர்ந்தது. தள்ளி வைக்கத்தான் எடுத்தார்.

'அப்பா டூட்டிக்குப் போயாச்சா? தனியாத்தானே இருக்கே?'

மேலே தள்ளிப் படித்தார். ஆன்லைன் கேமில் பழக்கமான 'பன்னிரண்டு வயதுத் தோழி'. யூனிஃபார்ம் என்ன நிறம், அம்மா எப்போது வருவாள் என்று கேள்வி மேல் கேள்வி. 'உன் ஜன்னலிலிருந்து என்ன தெரியும்?' மகள் படமே எடுத்து அனுப்பியிருந்தாள். எதிர்வீட்டுக் கேட்டும் மூலைக்கடைப் பெயர்ப்பலகையும் தெளிவாகத் தெரிந்தன.

ஜன்னல் திரையை இழுத்து மூடினார். இடுக்கு வழியே பார்த்தால், எதிர்வீட்டுக் கேட்டருகே ஹெல்மெட் போட்ட ஒருவன் போனைப் பார்த்தபடி நின்றான். பார்சல் கொடுக்க வந்தவனாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவன் கிளம்பிப் போகும்வரை இவர் அந்த இடுக்கை விட்டு நகரவில்லை.

ஈரத்தலையோடு வந்த மகள் அவர் கையைப் பார்த்ததும் வெளிறிப்போனாள்.

"அழிச்சிடறேன்ப்பா. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

டேப்லெட்டைச் சுவரில் அடிக்கக் கை துடித்தது. ஆனால் பிள்ளை நடுங்குவது அந்த ஆளை நினைத்தல்ல, தன்னைப் பார்த்துத்தான் என்று உறைத்தது. தரையில் உட்கார்ந்தார்.

"அழிக்காதம்மா. திட்ட மாட்டேன். அவ குரலைக் கேட்டிருக்கியா?"

"இல்லப்பா. மைக் ரிப்பேர்னா."

"முகத்தைப் பார்த்திருக்கியா?"

"கேமராவும் ரிப்பேராம்." சொல்லும்போதே அவளுக்கு உதடு கோணியது. "என் போட்டோ கேட்டா. அனுப்பலன்னா உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்னா."

அன்று மாலையே மனைவியும் அவரும் மகளைக் கூட்டிக்கொண்டு போலீசுக்குப் போனார்கள். "அழிக்காம கொண்டுவந்தது நல்லதாச்சு. ஆனா ஆள் யாருன்னு கண்டுபிடிக்க நாளாகும்" என்றார் அங்கிருந்த பெண் அதிகாரி.

ஆள் இன்றுவரை அகப்படவில்லை. அவருக்குத் தூக்கம் கெட்டது. தெருவில் புது முகம் தெரிந்தால் வண்டி எண்ணைப் பார்க்கிறார். டேப்லெட் இப்போது ஹாலில் மட்டும்தான், எல்லோர் கண்ணெதிரே. மகளையும் உட்கார வைத்துப் பேசி எடுத்த முடிவு அது.

போன வாரம் அவளே அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இதைக் கொஞ்சம் பாருங்க. யாரோ பேசணுமாம். யாருன்னே தெரியல."

மறுபடியும் அதே பயம். முகத்தில் காட்டிக்கொள்ளாமல், பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.