கடைசி வரிக்கு முன்னே ஓர் இழுவை

ஞாயிறு ஆராதனையின் முடிவுப் பாட்டில், கடைசிச் சரணத்தின் மூன்றாவது வரி முடிந்ததும் தேவபிரசாதம் வலது கையை உயர்த்தி விரல்களை மூடுவார். பாடகர் குழு அந்தச் சுரத்திலேயே நின்றுவிடும். சுரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்க, அவர் மெதுவாகத் திரும்பிக் கோயிலின் பின் பெஞ்சுகளைப் பார்ப்பார். இடது கோடியிலிருந்து வலது கோடிவரை நிதானமான ஒரு பார்வை. எல்லாத் தலையும் இருந்தால் கை சட்டென்று திறக்கும், கடைசி வரி வரும். ஒரு தலை குறைந்தாலும் போச்சு, மூச்சு முட்டுகிற அக்காமார்களுக்குக் கர்த்தர்தான் துணை.

பின் பெஞ்சில் இருந்தது ஈவினிங் ஸ்டார் கால்பந்துக் குழு. மில்லர்புரத்துப் பையன்களைத் தெருத்தெருவாகப் பொறுக்கி அதை உண்டாக்கியவர் அவர். பயிற்சி கொடுப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, அடிபட்ட முட்டிக்குத் தைலம் தேய்ப்பது, பெண் பார்க்க வந்த வீட்டாரிடம் பையனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வது எல்லாமே அவர்தான். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. ஞாயிறு காலை கோயிலுக்கு வராதவன் சாயங்காலம் மைதானத்தில் இறங்கக் கூடாது. ஆராதனை முடிந்தபின் எண்ணிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால் விளக்கம் தயாராக இருக்கும். "முடிஞ்ச பெறகு எண்ணுனா, வீட்டுல தூங்குனவன்கூட வாசல்ல வந்து நின்னுக்கிட்டு அப்பவே வந்துட்டேம்பான். பாட்டுக்குள்ள வச்சு எண்ணுனா ஒருத்தனும் தப்ப முடியாது பாத்துக்கோ."

கையை மூடும் பழக்கம் துறைமுகத்திலிருந்து வந்தது. அங்கே அவருக்குச் சிக்னல்மேன் வேலை. கப்பல் தளத்தில் வெயிலில் நின்று, உயரத்தில் உட்கார்ந்திருக்கும் கிரேன்காரருக்குக் கை காட்ட வேண்டும். விரலைச் சுழற்றினால் தூக்கு, உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு, மூடினால் நிறுத்து. இந்த மூன்றையும் அப்படியே கோயிலுக்குக் கொண்டுவந்துவிட்டார். வெளியூரிலிருந்து வந்த பாட்டு வாத்தியார் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, இது எந்த நாட்டு முறை என்று மரியாதையாகக் கேட்டார். "நம்ம ஹார்பர் வடக்கு பெர்த்து முறைதான்" என்றார் தேவபிரசாதம், அதைவிட மரியாதையாக.

நாசரேத் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் டோ ரே மீ நெஞ்சில் ஏறியது, பிறகு இறங்கவே இல்லை. சீலா மீன் விலையைக்கூட டெனார் குரலில்தான் கேட்பார். மீன்காரம்மா அதே குரலில் விலை சொல்வாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது பாட்டு நின்றால், "என்ன, சோப்பு கண்ணுல பட்டுட்டா?" என்று அடுத்த வீட்டிலிருந்து விசாரிப்பார்கள். மனைவி இன்பமணிக்கு இதிலெல்லாம் பெருமைதான். ஆனால் வெளியே சொல்ல மாட்டாள். "மனுசன் வீட்டுல இருக்காரா இல்லையான்னு தேட வேண்டாம், அது ஒண்ணுதான் லாபம்" என்பாள்.

சட்டம் சட்டம்தான். மகன் ஜெஃப்ரி அந்தக் குழுவிலேயே நன்றாக ஆடுகிறவன். இறுதி ஆட்டத்தன்று காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டான். கோயிலில் மூன்றாவது வரி முடிந்தது. கை மூடியது. தேவபிரசாதம் திரும்பினார். சொந்த மகனின் இடம் காலி. அன்றைக்கு அந்தச் சுரம் நின்ற நேரத்தில் ஒருவர் மயங்கி உட்கார்ந்தேவிட்டார். சாயங்காலம் ஜெஃப்ரி கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கெஞ்சினான், குழுவே கெஞ்சியது. அவர் அசையவில்லை. ஈவினிங் ஸ்டார் தோற்றது. வீடு திரும்பும் வழியெல்லாம் ஒருவரும் அவரோடு பேசவில்லை. அவரும் கவலைப்படாமல் பாடிக்கொண்டே வந்தார்.

ராமர் கதைதான் ஊரில் அதிகம் பேசப்பட்டது. இந்த ராமர், அம்மன் கோயில் தெருப் பையன். வலது ஓரத்தில் காற்றாய் ஓடுவான். சேர்ந்த புதிதில் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணாச்சி, நானும் ஒங்க கோயிலுக்கு வரணுமா?"

"நீ எதுக்குலே எங்க கோயிலுக்கு வார? ஒங்க கோயிலுக்குப் போ. கும்பிட்டுட்டு, நெத்தியில திருநீறோட வந்து நில்லு. அது இல்லாம பந்தைத் தொடப்பிடாது."

இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் போனது. அடுத்த ஞாயிறு கோயிலுக்கு ராமர் போகவில்லை. ஆனால் நெற்றியில் பட்டை மட்டும் வழக்கத்தைவிட அகலமாக இருந்தது. தேவபிரசாதம் அருகில் வந்தார், ஒற்றை விரலால் பட்டையைத் தொட்டார், மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏலே, இது பவுடருலா!"

மைதானமே உருண்டு சிரித்தது. ராமர் முதல் பாதி முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஆட்டத்துக்கு முன்னால் அவரிடம் தானாகவே வந்து நெற்றியை நீட்டுவான். அவரும் விரலால் தொட்டு மோந்து பார்த்துவிட்டுத்தான் விசிலை எடுப்பார்.

இந்த இழுவையை ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் மகள் ஈவாஞ்சலின். பாடகர் குழுவில் அவளும் இருந்தாள், வேலை பள்ளியில் கணக்கு டீச்சர். நாலு என்று போட்டிருந்தால் நாலுதான் என்கிற பிறவி. சாப்பாட்டு மேசையில் வாரம் ஒரு முறையாவது வழக்கு நடக்கும்.

"அப்பா, புத்தகத்துல நாலு தாளம்தான் இருக்கு. நீங்க பாட்டுக்கு இழுத்துக்கிட்டே போறிய."

"ஏளா, அந்தப் புத்தகம் எழுதுனவருக்கு டீம் கிடையாது."

அவளுக்குக் கோபம் வரும், சிரிப்பும் வரும். ஜெயித்தது எப்போதும் சிரிப்புதான்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் தேவபிரசாதம் மார்வலியில் போய்ச் சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்துக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனது ஈவினிங் ஸ்டார்தான். பழைய ஆட்டக்காரர்கள் வயிற்றுக்குப் பற்றாத பழைய பனியன்களை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவனுக்குப் பாதி வயிறு வெளியே தெரிந்தது. அழுதுகொண்டிருந்த இன்பமணிகூட அதைப் பார்த்துவிட்டாள். "சட்டையை இழுத்து விடு ராசா" என்றாள்.

பாடகர் குழு மகளின் கைக்கு வந்தது. எல்லாப் பாட்டையும் நடத்தினாள், அந்த ஒரு பாட்டைத் தவிர. வேறு பாட்டு, வேறு பாட்டு என்று ஒரு வருஷம் ஓட்டிவிட்டாள். அந்த இடம் வந்தால் கையை மூட வேண்டும், திரும்ப வேண்டும். அப்பாவின் இடத்தில் நின்று திரும்பினால், அவர் இல்லை என்பது அத்தனை பேர் முன்னாலும் மறுபடி ஒரு முறை நடக்கும். அதுதான் அவளுக்குத் தாங்காது.

ஆனால் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. பண்டிகைக்கும் அந்தப் பாட்டுதான் வழக்கம், தள்ள முடியாது. ஒத்திகையில் கீபோர்டு வாசிக்கும் கிளைட்டன் மெதுவாகக் கேட்டான். "அக்கா, அங்கன இழுக்கணுமா?"

"வேண்டாம். எழுதியிருக்கபடிதான்."

குழு நாலு தாளத்தில் பழகியது. நிற்காமல் நேரே கடைசி வரி. கணக்குப்படி மிகச் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள்.

"நீ பாட்டைச் சரியாத்தான் படிப்பே" என்றாள் இன்பமணி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "சபை என்ன செய்யப்போவுதோ."

பண்டிகை ஞாயிறு. வெளியே பந்தலில் அசனத்துக்கு அண்டா அண்டாவாகச் சோறும் ஆட்டுக்கறியும் வெந்துகொண்டிருந்தன. சாதி மதம் பாராமல் ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. கறி வாசனை ஜன்னல் வழியாக வந்து ஜெபத்தைக் கொஞ்சம் சோதித்தது. பாட்டு தொடங்கியது. ஈவாஞ்சலின் புத்தகத்தில் உள்ளபடியே நடத்தினாள். கடைசிச் சரணம். முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி. நாலு தாளம் எண்ணிக் கையை வீசினாள். குழு கடைசி வரிக்குள் நுழைந்தது.

சபை நுழையவில்லை. ஒத்திகைக்கு வராத அந்த நூற்றுக்கணக்கான பேர் மூன்றாவது வரியின் கடைசிச் சுரத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அதோடு விடவில்லை. பழக்கதோஷத்தில் அத்தனை தலையும் பின் பெஞ்சைப் பார்த்துத் திரும்பியிருந்தது. யார் வரவில்லை என்று பார்ப்பது இத்தனை வருஷத்தில் சபைக்கே வேலையாகிப் போயிருந்தது. குழு பாதி வார்த்தையில் தடுமாறி, ஒவ்வொருவராக வாயை மூடியது. கிளைட்டன் விரல்களைத் தூக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தான். பெண்கள் பக்கத்தில் இன்பமணி முகம் சிவக்கச் சிவக்கச் சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடுவதாக இல்லை.

ஈவாஞ்சலினுக்குச் சிரிப்பு முட்டியது. கண்ணும் நிறைந்தது. வலது கையை உயர்த்தி விரல்களை மூடினாள். குழு சபையின் சுரத்தில் வந்து சேர்ந்துகொண்டது. பிறகு அவள் திரும்பினாள்.

இடது கோடியிலிருந்து தொடங்கினாள். பின் பெஞ்சில் இப்போதைய ஆட்டக்காரர்கள் முதுகை நிமிர்த்தினார்கள். அடுத்தாற்போல் பழையவர்கள், இடுப்பில் பிள்ளைகளோடு. ஜெஃப்ரி கடைசி இடத்தில் நின்றான், சட்டைப் பொத்தானைக்கூடக் கழுத்துவரை போட்டிருந்தான். பார்வை வலது கோடிக்குப் போய்ப் பக்கவாசலில் நின்றது. அங்கே ராமர். லாரி ஓட்டுகிறார், தலையில் பாதி நரை. ஆத்தூரிலிருந்து அசனத்துக்கு வாழையிலைக் கட்டுகளை ஏற்றிவந்தவர், பாட்டுச் சத்தம் கேட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் நின்றிருந்தார். நெற்றியில் அகலமாகப் பட்டை.

அவள் பார்ப்பதை ராமர் பார்த்தார். ஒற்றை விரலால் பட்டையைத் தொட்டார், விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார், திருநீறுதான் என்று பெரிதாகத் தலையை ஆட்டினார்.

ஈவாஞ்சலின் மூடிய கையைத் திறந்தாள்.