நாலு மையும் ஒரு பிரவுனும்

கம்ப்யூட்டர் திரையில் தெரிகிற கலர் வேறு, பேப்பரில் விழுகிற கலர் வேறு என்று கஸ்டமருக்குப் புரியவைப்பதுதான் எங்கள் தொழில். டிசைன் பண்ணுவதெல்லாம் மிச்சம் இருக்கிற நேரத்தில். அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து திட்டு வாங்கும் சக ஜீவன்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திரை, வெளிச்சத்தால் கலர் காட்டுகிறது. அச்சு மிஷினிடம் இருப்பதோ சயன் என்கிற வெளிர்நீலம், மெஜந்தா என்கிற அடர்ரோஸ், மஞ்சள், கருப்பு என்று நாலே நாலு மை. அந்த நாலை வைத்துக்கொண்டு உலகத்தில் இருக்கிற அத்தனை கலரையும் கொண்டுவா என்றால் எங்கே போவது?

நான் ஜெயந்தி. மாதனூர்க்காரி. ஷூ கம்பெனியில் மூன்று வருஷம் சோலுக்குப் பசை தடவினேன். லீவு நாளில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, ஆம்பூரில் ஷஃபி பாய் நடத்தும் ஆஃப்செட் பிரஸ்ஸில் டிசைனராகச் சேர்ந்தேன். இனி நடந்ததைக் கேளுங்கள்.

சும்மா குடுக்குறானா?

நான் சேர்ந்தபோது பிரஸ் கம்ப்யூட்டரில் இருந்தது யாரோ போட்டுக்கொடுத்த திருட்டு சாஃப்ட்வேர். முகூர்த்த சீசனில், கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடக்கும்போது, அது ஒரேயடியாகப் படுத்துவிட்டது. நான் துணிந்து இலவச சாஃப்ட்வேர்களை இறக்கிப் போட்டேன். ஜிம்ப்பில் போட்டோவைச் சரிபண்ணுவது, இங்க்ஸ்கேப்பில் லோகோ வரைவது, ஸ்க்ரைபஸில் பக்கம் கட்டி நாலு மைக்கான பிடிஎஃப் எடுப்பது. வேலை நடந்தது. பாய்க்குத்தான் மனசு ஆறவில்லை. காசு வாங்காமல் ஒருத்தன் ஒரு பொருளைக் கொடுத்தால் அதில் ஏதோ கோளாறு இருக்கும் என்பது அவருடைய நாற்பது வருஷத்து அனுபவம்.

ஒரு நிபந்தனை போட்டார். வேலூர் லாங் பஜாரில் ஒரு ஆபரேட்டர் வேலை தேடிக்கொண்டிருந்தான், காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் மட்டும் தெரிந்தவன். என் இலவச சாஃப்ட்வேரால் கலர் கெட்டு ஒரே ஒரு வேலை திரும்பி வந்தாலும் அவன் உள்ளே, நான் வெளியே. எங்கள் வீட்டு வாசலிலேயே ஷூ கம்பெனி பஸ் நிற்கும். அந்த வேலை ஒன்றும் கேவலமில்லை, அதில்தான் எங்கள் ஊரே சாப்பிடுகிறது. ஆனால் எனக்கு இந்த நாற்காலி பிடித்துப்போய்விட்டது. அதை விட்டு எழுந்திருக்க மனசே இல்லை. சரி என்று தலையாட்டினேன். பாய் மானிட்டரைச் சந்தேகமாகப் பார்த்தபடி சொன்னார்: "சும்மா குடுக்குறானா? எதுக்கும் ஒரு கண்ணு வெச்சுக்கோமா."

பிரியாணிக்குப் பொடி

முதல் சோதனை ஒரு பிரியாணிக் கடையின் மெனு கார்டு. முதலாளி தன் போனில் எடுத்த படம் கொடுத்தார். போனில் பார்த்தால் பிரியாணி அப்படியே தகதகவென்று எரிகிறது. நாலு மைக்கு மாற்றிப் பார்த்தேன், நேற்று மீந்ததைச் சூடு பண்ணின மாதிரி இருந்தது. மஞ்சளைக் கூட்டி, சயனைக் குறைத்து, ஒருவழியாக இன்றைக்குச் சமைத்தது என்று நம்பும் அளவுக்குக் கொண்டுவந்தேன்.

அவர் மாதிரிக்கு எடுத்த ப்ரூஃப் பேப்பரை ஒரு கையிலும் போனை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். போன் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துக் காட்டினேன். அப்போது இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. பாய் வேறு கல்லாவில் இருந்து எட்டிப் பார்க்கிறார். பிரியாணிக்காரர் பெருமூச்சு விட்டு, அரை மனசாக ஓகே சொல்லிவிட்டுக் கேட்டார்: "எங்களுக்கு பிரியாணியில கலர் கம்மியானா பொடி போடுவோம். நீங்க இன்னா போடுவீங்க?"

ஆறு மணி வானம்

அடுத்தது ஒரு சபையின் ஜெபக்கூட்ட நோட்டீஸ். மேலே பளிச்சென்று நீல வானம், நடுவில் புறா. திரையில் பார்த்து நானே சொக்கிப்போனேன். அந்தச் சொக்கலில் ப்ரூஃப் எடுக்கவே மறந்துவிட்டேன். இந்தத் தொழிலில் நீலத்தை நம்பினவர் கெட்டார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மெஜந்தா கொஞ்சம் தூக்கலாக இருந்தால் போதும், நீலம் கத்தரிப்பூ ஆகிவிடும். ஆயிரம் நோட்டீஸிலும் வானம் கத்தரிப்பூ கலர்.

வாங்க வந்தவர் அந்தச் சபையின் செயலாளர், நிதானமான மனுஷன். நோட்டீஸைத் தூக்கிப் பார்த்தார். என் வேலை போச்சு என்றே முடிவு பண்ணிவிட்டேன், டிபன் பாக்ஸைக்கூடப் பைக்குள் வைத்துவிட்டேன். "வானம் கொஞ்சம்..." என்று நானே வாயைத் திறந்தேன். அவர் கையமர்த்தினார். "கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்குத்தானே தங்கச்சி. அந்த நேரத்துக்கு வானம் இப்படித்தான் இருக்கும்."

துக்கம் காயவில்லை

ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பின்னணி கருப்பு. வெறும் கருப்பு மை மட்டும் போட்டால் சாம்பல் தட்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். மேதாவித்தனமாக நாலு மையையும் நூறு நூறு சதவீதம் வைத்துவிட்டேன். கருப்பு என்றால் அப்படி ஒரு கருப்பு! காயத்தான் மாட்டேன் என்றது. இரண்டு ஃபேன் போட்டும், விரித்து வைத்தும், தொட்டால் விரலோடு வருகிறது. அடுக்கி வைத்த போஸ்டர்களின் முதுகில் எல்லாம் இறந்துபோன பெரியவரின் முகம் ஒட்டியிருந்தது.

மிஷின் ஓட்டும் தனசேகர் அண்ணன் பாய்க்குத் தெரியாமல் கெட்ட தாள்களை ஒதுக்கிவிட்டு, நான் மையைக் குறைத்துக் கொடுத்த பிறகு இன்னொரு தரம் அடித்துக் கொடுத்தார். அந்த உதவியை நான் மறக்க மாட்டேன். அவரும் அதை மறக்க விடமாட்டார். கை கழுவிக்கொண்டே சொன்னார்: "கருப்புக்குக் கருப்பு போதும்மா, கூட மத்தது தொட்டுக்க கொஞ்சம். அவங்க வீட்டு துக்கத்தை நீ எதுக்கு ஜாஸ்தி பண்ற?"

முப்பது பிரவுன்

இதெல்லாம் சில்லறை. நிஜமான பேஜார் ஒரு தோல் கம்பெனியிலிருந்து கலைச்செல்வி அக்கா உருவத்தில் வந்தது. அங்கே ஃபினிஷிங் பிரிவில் சூப்பர்வைசர் அவர். தோலுக்குக் கடைசிக் கலர் ஏறியதும் சாம்பிளோடு ஒப்பிட்டு 'பாஸ்', 'ஃபெயில்' சொல்வது அவர் வேலை. சென்னையில் தோல் கண்காட்சிக்கு ஆயிரம் பிரோஷர் வேண்டும். அட்டை முழுக்க அவர்களுடைய புதுப் பிரவுன் தோல். வெளிநாட்டு பார்ட்டி அட்டையைப் பார்த்துத்தான் ஆர்டர் பேசுவான், அதனால் கலர் இம்மி பிசகக் கூடாது என்றார். பாய்க்கு இது பெரிய இடத்து வேலை. என்னைப் பார்த்த பார்வையிலேயே லாங் பஜார் ஆபரேட்டர் தெரிந்தான்.

அக்கா உள்ளங்கை அளவு தோல் ஒன்றைக் கொடுத்தார். நான் ப்ரூஃப் எடுத்துக் காட்டினால் டியூப்லைட் கீழே பார்க்கவே மாட்டார். விறுவிறுவென்று வாசலுக்குப் போய், பகல் வெளிச்சத்தில் தோலையும் பேப்பரையும் சேர்த்துப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். முதல் ப்ரூஃப் செங்கல் என்றார். இரண்டாவது டீத்தூள். "நீயும் பகல் வெளிச்சத்துல வெச்சுப் பாரு, அப்பதான் புரியும்" என்று சொல்லிக் கொடுத்தார். "பிரவுன்தானே அக்கா இதுவும்?" என்று நான் கெஞ்சியபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "எங்க கம்பெனியில முப்பது பிரவுன் இருக்குது ஜெயந்தி. நீ போட்டது அந்த முப்பதுலயும் இல்ல."

கிளிப்புக்கு அடியில்

ரோஷம் வந்துவிட்டது. பகல் வெளிச்சம்தானே? தோல் துண்டை ஜன்னல் கம்பியில் ஒரு கிளிப் போட்டு மாட்டினேன். பத்து நாள், காலையும் மதியமும், வெயிலில் அதைப் பார்த்துப் பார்த்து மையைச் சரிபண்ணினேன். கடைசி ப்ரூஃபைத் தோலுக்குப் பக்கத்தில் வைத்தால் எது தோல், எது பேப்பர் என்று தனசேகர் அண்ணனுக்கே தடவிப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. அக்கா ஊரில் இல்லை. போனில் கேட்டேன். "தோலோட ஒத்துப்போவுதுன்னா அடிச்சுடு" என்றார். ஆயிரம் அட்டையையும் அடித்தாகிவிட்டது.

மறுநாள் காலை அக்கா வந்தார். கையில், கம்பெனியில் உறையில் போட்டுப் பூட்டி வைத்திருந்த, அதே தோலின் மூலத் துண்டு. வாசலுக்குப் போனார். தலையைச் சாய்த்தார். திரும்பி வந்து என் ஜன்னலுக்குப் போய்க் கிளிப்பைக் கழற்றினார். கிளிப் கடித்திருந்த இடத்தில் மட்டும் தோல் நல்ல அடர்ந்த பிரவுன். மற்ற இடமெல்லாம் ஆம்பூர் வெயில் வெளுத்து வைத்திருந்தது. என் ஆயிரம் அட்டையும் அந்த வெளுத்த கலர். அக்கா அந்தத் துண்டை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார்: "வெளிச்சத்துல பாக்கத்தானே சொன்னேன்? காயப் போடச் சொன்னேனா?"

யார் மேல தப்பு?

பாய் எழுந்து வந்தார். எனக்கோ, என் சாஃப்ட்வேர் மேல் பழி விழ விடக்கூடாது என்று ஒரு வீறாப்பு. ஃபைலைத் திறந்தேன். மை அளவுகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். வெளுத்த தோலின் மேல் அட்டையை வைத்தேன். "பாருங்க பாய், நான் காட்டினது எதுவோ அதையே இம்மி பிசகாம குடுத்திருக்குது. சாஃப்ட்வேர் மேல தப்பே இல்ல." வக்கீலே தோற்றுப்போவார், அப்படி வாதாடினேன். பாய் பொறுமையாகக் கேட்டார். அட்டையைத் தடவிப் பார்த்தார். "வாஸ்தவம்தான், அப்படியே வந்திருக்குது. சும்மா குடுத்தாலும் நல்ல பொருளாத்தான் குடுத்திருக்கான். அப்ப மாத்த வேண்டியது சாஃப்ட்வேரை இல்ல, ஆளை." எனக்கு எதிராக இவ்வளவு அருமையாக வேறு யாரும் வாதாடியிருக்க முடியாது.

பாய் அங்கேயே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, லாங் பஜார் ஆபரேட்டரைக் கூப்பிட்டார். ஸ்க்ரைபஸ் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். அது இன்னா பாய் என்றான். ஜிம்ப்? கேள்விப்பட்டதே இல்லை என்றான். வேலூரில் இதெல்லாம் ஓட்டத் தெரிந்த யாராவது? ஒருத்தரும் இல்லை என்றான். பாய் போனை வைத்துவிட்டு, பயல் திறந்துகூடப் பார்த்திராத சாஃப்ட்வேரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கலைச்செல்வி அக்கா கலரைத் திருத்த, தன் மூலத் துண்டோடு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளிச்சம் போவதற்குள், சாயங்காலம் நாலு மணிக்கு, புது அட்டையின் ப்ரூஃபுக்கு அவர் வாசலில் நின்று 'பாஸ்' சொன்னார். மிஷின் ஓடத் தொடங்கியதும் பாய் என் மேஜைக்கு வந்தார். "இத ஓட்டத் தெரிஞ்ச இன்னொரு ஆளு கிடைக்கிற வரைக்கும் நீ இரு. தயவுசெஞ்சு யாருக்கும் கத்துக் குடுத்துடாதம்மா, அப்புறம் உன்னை அனுப்ப வேண்டியதாயிடும்."

பாயிடமிருந்து இலவச சாஃப்ட்வேரை நான்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லிவந்ததை, இந்த இடத்தில் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.