ஊசி போடாதவளின் பராதிப் புத்தகம்

பிசியோதெரபி என்பது, வலியோடு வருகிறவர் ஆசைப்பட்டுக் கேட்கும் எதையும் தரமுடியாத தொழில்.

ஊசி கேட்பார்கள், போடக்கூடாது. மாத்திரை கேட்பார்கள், எழுதக்கூடாது. லீவுக்குச் சர்டிபிகேட் கேட்பார்கள். அதில் கையெழுத்துப் போடும் அதிகாரம் நமக்கில்லை. உடம்பை அசைத்துப் பார்த்து, எங்கே மக்கர் செய்கிறது என்று கண்டுபிடித்து, "இதைத் தினமும் இருபது தடவை செய்யுங்கள்" என்று சொல்லலாம். அதைக் கேட்டதும் எதிரே இருப்பவர் முகம் எப்படி மாறும் என்று, இதே தொழிலில் அவதிப்படும் நண்பர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீட்டில்லாமல் மாத்திரை தராத மருந்துக்கடைக்காரரும், ரிசல்ட்டைப் படித்து விளக்க மறுக்கும் லேப் பெண்ணும் நம்முடைய சொந்தக்காரர்கள்தான்.

நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்காரி. கல்யாணமாகி இடுக்கி மலையேறி, வண்டன்மேட்டில் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே கிளினிக் போட்டுப் பதினோரு வருஷமாகிறது. ஆரம்பித்த நாளே மேஜையில் ஒரு நோட்டைக் கயிறு போட்டுக் கட்டி, அட்டையில் 'பராதிப் புத்தகம்' என்று எழுதி வைத்தேன். புகாரை இந்தப் பக்கத்துத் தமிழர்களும் மலையாளத்தில் சொல்வதுபோலப் பராதி என்றுதான் சொல்வோம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச்சொல்ல நானே எழுதுவேன். அவர்கள் கைநாட்டு வைப்பார்கள். ஆக, என்மேல் வந்த பராதிகளில் பாதி என் கையெழுத்திலேயே இருக்கும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறாயே என்று என் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். போன வருஷம் கிளினிக்குக்கே பூட்டு விழும் நிலைமை வந்தபோதுதான் அந்த நோட்டின் அருமை எங்கள் இருவருக்கும் தெரிந்தது. அந்தக் கதைக்கு முன்னால், அதில் ஏறிய சில பராதிகளைச் சொல்லிவிடுகிறேன்.

திரும்பிப் படுத்தவர்

செல்லம்மாள் ஏலக்காய் பறிக்கிறவர். ஏலக்காய் செடியின் தூரில், தரையை ஒட்டிக் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் பறிக்க வேண்டும். வலது முழங்கால் வீங்கி, நொண்டிக்கொண்டு வந்தார். கட்டிலைக் காட்டினேன். ஏறியவர் தானாகவே குப்புறப் படுத்து, இடுப்புச் சேலையைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். வலியே தெரியாததால் தலையைத் திருப்பி, "போட்டாச்சா?" என்றார்.

ஊசியெல்லாம் இங்கே கிடையாது, தொடைத் தசை வலுவிழந்து போனதால்தான் முட்டிக்கு இந்தச் சிரமம் என்று சொல்லி, காலை நீட்டி மெல்லத் தூக்கி இறக்கக் கற்றுக்கொடுத்தேன். ஆறு வாரத்தில் நொண்டல் போய்விட்டது. அதற்கப்புறமும் கழுத்து, முழங்கை என்று ஏதாவது ஒன்றோடு வந்துகொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு தடவையும் குணமாகித்தான் போனார்; ஒவ்வொரு தடவையும் பராதி சொல்லிவிட்டுத்தான் போனார். முதல் நாள் அவர் சொல்லி நான் எழுதியது இது:

"ஊசி போடல. மாத்திரை தரல. காலத் தூக்கு, கால எறக்குன்னு சொல்லுது. அதத்தான நான் நாள் பூரா காட்டுல செஞ்சுக்கிட்டு இருக்கேன்."

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு போன்

நோயாளிகளையாவது சமாளிக்கலாம், சொந்தக்காரர்களைச் சமாளிக்க எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை. என் தாய்மாமா தென்னந்தோப்புக்காரர். இடுப்பைப் பிடித்துக்கொண்டது என்று போன் செய்தார். எந்தப் பக்கம், கால் மரத்துப்போகிறதா, இருமினால் வலிக்கிறதா என்று கால்மணி நேரம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, செரி, இப்ப ஒரு மாத்திரை பேரச் சொல்லு, பையனை உட்டு வாங்கிக்கறேன் என்றார்.

எனக்குப் பேர் தெரியாமல் இல்லை. மருந்தைப் பற்றி நாங்களும் படிக்கிறோம். ஆனால் படிப்பது வேறு, எழுதிக்கொடுக்கும் உரிமை வேறு. மாமாவுக்கு அல்சர் உண்டு என்பதும் எனக்கு நினைவிருந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள், பயிற்சியை நான் சொல்கிறேன் என்றேன். அவர் சொன்னதையும் நோட்டில் ஏற்றினேன். பராதி என்று வந்தபின் வீட்டாள் வெளியாள் என்று பார்க்கக்கூடாது.

"ஏங் கண்ணு, நாலரை வருசம் படிச்சுப்போட்டு ஒரு மாத்திரை பேரு சொல்ல மாட்டீன்னா, உன்ற படிப்பு எதுக்குத்தான் ஆகும்?"

சுரண்டிய போர்டு

கிளினிக் போர்டு எழுதியவர் கம்பத்திலிருந்து வந்த பெயிண்டர். என் பெயர், படிப்பு, பிசியோதெரபிஸ்ட் என்று மூன்று வரி எழுதிக் கொடுத்திருந்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், என் பெயருக்கு முன்னால் சிவப்பில், மற்ற எழுத்தைவிடப் பெரிதாக, 'டாக்டர்' என்று இருந்தது. வெள்ளைக் கோட்டைப் பார்த்திருக்கிறார், மரியாதைக் குறைவாக விட மனம் வரவில்லை.

நாங்கள் அதைப் போடலாமா கூடாதா என்று பெரிய இடங்களில் வாதம் நடக்கிறது. ஒரு தீர்மானத்துக்கு வருகிறவரை என் போர்டில் அது வேண்டாம் என்பது என் பிடிவாதம். வாயால் கூப்பிடுகிறவர்களைத் தடுக்க முடியாது. தோட்டத்து ஜனங்களுக்கு இன்றைக்கும் நான் டாக்டரம்மாதான். போர்டு நான் வைப்பது. சுரண்டச் சொன்னேன். சுரண்டிய இடம் தழும்பாக இன்னும் இருக்கிறது. அவரும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் போனார், அழகான எழுத்தில்:

"சும்மா போட்டுக் குடுத்த பட்டத்தச் சொரண்டச் சொன்ன ஆள இங்கதான் பாத்தேன்."

பத்து நாள் முதுகுவலி

ஞானதுரை பக்கத்து எஸ்டேட்டில் சூப்பர்வைசர். முதுகுவலி என்று வந்தார். குனியச் சொன்னேன், கை தரையைத் தொட்டது. விசாரித்தால், மச்சினன் கல்யாணம் திருநெல்வேலியில். பத்து நாள் முதுகுவலி என்று ஒரு சர்டிபிகேட் தந்தால் போதும், மற்றதை அவரே பார்த்துக்கொள்வார். நிஜமான வலியாக இருந்தாலும் அந்த சர்டிபிகேட் தர எனக்குச் சட்டத்தில் இடமில்லை என்றேன். கோபப்படவில்லை. தேவாலயத்தில் காணிக்கைப் பெட்டியைக் கடக்கிறவர்போல நோட்டருகே கொஞ்சம் நின்று, பேனாவை எடுத்தார்.

"நல்ல அம்மாதான். ஒரு உபயோகமும் இல்ல."

தோளைத் தொடவில்லை

அந்தோணி ஜீப் டிரைவர். கம்பத்திலிருந்து தோட்டத்துக்கு ஆளேற்றி வருகிறவர். அன்று மச்சானோடு வந்து, இடது தோளில் இரண்டு நாளாக வலி, கரண்டு மெஷின் வைத்து விடுங்கள், வெளியே பதினான்கு பேர் ஜீப்பில் காத்திருக்கிறார்கள் என்றார். கையை மேலே தூக்கச் சொன்னேன், பின்னால் கொண்டுபோகச் சொன்னேன், நானும் பிடித்துச் சுழற்றிப் பார்க்கக் கையை நீட்டியபடி எதிரே வந்தேன். அவர் தானாக அசைத்ததிலேயே தோள் எல்லாப் பக்கமும் தாராளமாகப் போனது, வலியே இல்லை. எப்போது வலிக்கிறது என்றேன். உங்கள் கிளினிக் படியேறும்போது வலித்தது, உட்கார்ந்ததும் அடங்கிவிட்டது என்றார். நெற்றியில் வேர்வை. வெளியே குளிரில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள்.

அசைத்தால் வலிக்காமல், படியேறினால் வலிக்கிற தோள் என்னுடைய கேஸ் இல்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். இப்போதே கட்டப்பனை ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நீங்கள் ஓட்டக்கூடாது, மச்சான் ஓட்டட்டும் என்றேன். வாக்குவாதம். பதினான்கு பேரையும் நானே இறங்கச் சொன்னேன். அவர்களும் என்னைத் திட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டு, ஒரு கடிதமும் கொடுத்தனுப்பினேன். நோட்டில் எழுத அவருக்கு நேரமில்லை. ஜீப்பில் ஏறும்போது அவர் கத்தியதை, ஓர் எழுத்து மாற்றாமல் நானே எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டு வைத்தேன்: 'தோள்ல ஒரு விரல் வைக்கல. நாயத் தொரத்துற மாதிரி தொரத்துனா.'

இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. இன்னும் ஒரு சுற்று மலையேறியிருந்தால் வளைவில் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். இரண்டு மாதம் கழித்து மனைவியோடு வந்தார். அந்தம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் விட்டதும் நோட்டை எடுத்து, இதை அடித்துவிடவா என்று அந்தோணியிடம் கேட்டேன். அவர் பேனாவை வாங்கி, விட்டுவைத்த இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"எழுதுனது எழுதுனபடியே கெடக்கட்டும். தொரத்துனது நெசந்தான?"

கைப்பையில் கிடந்த பட்டை

போன வருஷம் சாரல் பிடித்த ஒரு காலையில் சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். என்மேல் ஒரு மொட்டை மனு. ஊசி போடுகிறாள், மாத்திரை விற்கிறாள், டாக்டர் என்று சொல்லி ஜனங்களை ஏமாற்றுகிறாள் என்று மூன்று குற்றம். எழுதியது யாரென்று எனக்குத் தெரியாது. நிரூபணமானால் கிளினிக்கை மூட வேண்டும். என் பதிவும் போகும், அதோடு படித்த படிப்பும் போகும். செய்ததற்குச் சாட்சி காட்டலாம். செய்யாததற்கு எங்கே போவேன்? பத்து வருஷம் இதற்குத்தானா என்று இருந்தது.

பெரியவர் ஐம்பது வயது மலையாளி. நடுநடுவே மலையாளம் கலந்தாலும் தமிழ் நன்றாகவே பேசினார். சின்னவர் அலமாரியைத் திறந்தார். ரப்பர் பட்டைகள், ஒத்தடப் பைகள், இடுப்பு பெல்ட்டுகள். ஊசி இல்லை. கடைசியாக என் கைப்பையைக் காட்டச் சொன்னார்கள். அதற்குள்ளிருந்து தலைவலி மாத்திரைப் பட்டை ஒன்று வெளியே வந்தது. பத்தில் நாலு காணோம்.

நான் போட்டுக்கொண்டது என்றேன். எல்லாரும் இதைத்தான் சொல்லுவார்கள் என்றார் பெரியவர். பட்டையை விரலில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வாசல் பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த செல்லம்மாள் அதைப் பார்த்துவிட்டார். விருட்டென்று எழுந்து, ஒரு காலத்தில் வீங்கிக்கிடந்த அந்த முட்டியோடு இரண்டு படியை ஒரே எட்டில் ஏறி உள்ளே வந்தார். அதிகாரிகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே என்னிடம்தான் வந்தார்.

"மாத்திரைய உள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டா, மூணு வருசமா எனக்கு ஒண்ணு தரமாட்டேன்னு சாதிச்ச?"

பெஞ்சில் இருந்த மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். தனக்கும் தரவில்லை, தன் மாமியாருக்கும் தரவில்லை, கெஞ்சியும் தரவில்லை என்று ஆளாளுக்குக் கூப்பாடு. பெரியவர் பட்டையை மேஜைமேல் வைத்தார். கையை எடுக்கும்போது நோட்டின் கயிறு தட்டுப்பட்டது. பிரித்தார். செல்லம்மாளின் பராதியைப் படித்தார், பெயிண்டருடையதைப் படித்தார்; எழுந்து வெளியே போய், போர்டில் சுரண்டிய தழும்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். பாதி உங்கள் கையெழுத்தாக இருக்கிறதே என்று கேட்டார். கைநாட்டு வைத்த செல்லம்மாள், வேண்டுமானால் இன்னொரு தடவை சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். ஞானதுரை எழுதியதைப் படிக்கும்போது சின்னவர் சிரித்துவிட்டார். அந்தோணியின் பராதியை மட்டும் பெரியவர் இரண்டு தடவை படித்துவிட்டு விசாரித்தார், நடந்ததைச் சொன்னேன். இந்த ஆள் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். ஜீப் ஓட்டுகிறார் என்றேன். எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு, பட்டையை என் பையிலேயே திருப்பிப் போட்டார்.

"இத்தற பராதி உள்ள ஆளுமேல ஒரு குற்றமும் எழுத வழியில்லையே, மேடம்."

வந்த கடிதம்

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. மனுவில் உண்மையில்லை, தொழிலின் எல்லைக்குள் நின்றே கிளினிக் நடக்கிறது, தொடரலாம். அன்று அந்தோணியும் செல்லம்மாளும் உட்படப் பெஞ்சு நிறைய ஆளிருந்தது. எழுந்து நின்று, குரல் நடுங்காமல், முழுவதையும் உரக்கப் படித்தேன். இந்த மலைக்கு வந்ததிலிருந்து அவ்வளவு நிமிர்ந்து நான் நின்றதில்லை. அந்தோணி கை தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். செல்லம்மாள் மட்டும் தட்டவில்லை. நோட்டை எடுக்கச் சொன்னார்.

"அப்ப இனிமேலும் ஊசி கெடையாதுன்னு சர்க்காரே எழுதிக் குடுத்துருச்சாக்கும்?"

சோதனை நடந்த அன்று, சுவரில் மாட்டிய என் பட்டங்களில் ஒன்றைக்கூட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் கிளினிக்கைக் காப்பாற்றியது, நான் எதையெல்லாம் செய்யவில்லை என்று பத்து வருஷமாக விடாமல் திட்டித் தீர்த்த என் நோயாளிகள்தான்.