நின்றுபோன நாலாவது பத்து

என் கொழுந்தனுக்கு 'நீராவி' என்று பட்டப்பெயர் வைத்தது ஆஸ்பத்திரி லாண்டரியில் அவரோடு வேலை செய்தவர்கள். கோபம் வந்தால் மனிதர் கத்தமாட்டார். மூக்கு வழியாக 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பத்தொன்பது வருஷம் வெந்நீர்க் குழாய்களுக்கு நடுவில் நின்றால் யாருக்கும் அப்படித்தான் வரும் போலிருக்கிறது. மெஷினில் துணி போடுகிறவராகச் சேர்ந்து சூப்பர்வைசராக உயர்ந்தவர். வீட்டிலும் ஒரு சட்டை மடிப்பு கோணலாக இருந்தால் பிரித்து மறுபடி மடித்துவிட்டுத்தான் உட்காருவார்.

என் வீட்டுக்காரர் போன பிறகு நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். கொழுந்தன், அவர் மனைவியான என் ஓரகத்தி, அவர்களுடைய இரண்டு பெண்கள், நான். ஆக ஐந்து பேர். மாலையில் சொல்கிற செபமாலையில், பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோதே செய்த ஏற்பாடு, ஆளுக்கு ஒரு பத்து. அவரும் நானும் சேர்ந்து சொல்லிவந்த பத்து பிறகு எனக்கே வந்தது. முதல் பத்து நான், இரண்டாவது ஓரகத்தி, மூன்றாவது பெரியவள், நாலாவது கொழுந்தன், ஐந்தாவது சின்னவள்.

அதோடு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. யார் மனதிலாவது யாருக்காவது செய்த தீங்கு கிடந்தால், அதைச் சரிசெய்யாமல் தன் பத்தைத் தொடங்கக் கூடாது. அவருக்குப் பதிலாக மற்றவர் சொல்லவும் கூடாது. அந்தப் பத்து அப்படியே நிற்கும். எல்லோரும் முழங்காலில் நிற்போம். ஒரு தடவை வடிகட்டிக்காக ஓரகத்திக்கும் எனக்கும் வாய்த்தகராறு வந்து, இரண்டாவது பத்து அரைமணி நேரம் நின்றது. கடைசியில் அவள்தான் இறங்கி வந்தாள். "அக்கா, வடிகட்டி உங்களோடதுதான். சாமி சத்தியமா உங்களோடதுதான். இப்ப என்னை சொல்ல விடுங்க, அடுப்புல குழம்பு அடிப்பிடிக்குது." சிரித்துச் சிரித்து அந்தப் பத்தை முடிக்க எங்களால் முடியவில்லை.

சண்டைகள் எல்லாம் இப்படி வீட்டுக்குள் முளைத்து வீட்டுக்குள் கருகினவைதான். வெளியே செய்த காரியம் ஒன்று எங்கள் செபத்துக்குள் வந்து நிற்கும் என்று யாரும் நினைத்ததில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மறைமாவட்ட ஆயர் எங்கள் கோவிலுக்கு வருவதாக இருந்தது. பீடத்துக்குப் பின்னால் ஒரு சிவப்புத் திரை தொங்கும். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. மெழுகுதிரிப் புகையும் தூசியும் ஏறி, அது சிவப்பா கறுப்பா என்று பந்தயம் கட்டலாம். "நான் வெளுத்துக் கொண்டுவரேன்" என்று கொழுந்தன் கோவிலைக் கவனிக்கிற உபதேசியாரிடம் ஏற்றுக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் அதை ஊறவைக்கத் தொட்டி ஏது? புதன்கிழமை விடியற்காலை பையில் திணித்து எடுத்துப் போனார். வழியனுப்பினது நானும் ஓரகத்தியும்தான்.

லாண்டரியில் வெளித்துணி போடக் கூடாது என்பது சட்டம். ஆட்கள் வருமுன் பெரிய மெஷினில் திரையைத் தனியாகப் போட்டு, கொதிக்கிற தண்ணீரில் ஓட்டி எடுத்திருக்கிறார். ஒட்டின சாயம் போக வெறும் தண்ணீரில் ஒரு தடவை மெஷினை அலசி விட்டிருக்க வேண்டும். அதற்குள் வாசலில் ஆள் சத்தம் கேட்டுவிட்டது. ஈரத் திரையைப் பையில் சுருட்டி, அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். அடுத்ததாக அதே மெஷினில் விழுந்தவை வார்டுகளின் வெள்ளை விரிப்புகள், எண்பது. எண்பதும் இளஞ்சிவப்பாக வெளியே வந்தன.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவர் சொன்னது இந்தக் கடைசிப் பாதியை மட்டும்தான். தேநீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"வேற விரிப்பு இல்ல, அதையேதான் போட்டாங்க. ஆம்பளைங்க வார்டுல ஒரு பெரியவர், 'ஏம்மா, ரோஸ் விரிப்பு போடறியே, நான் பிரசவத்துக்கா வந்திருக்கேன்?'னு நர்ஸைக் கேட்டாராம்."

பெண்கள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. அவர் சிரிக்கவில்லை.

"அழுக்கு பிரிக்கிற மேஜையில ஏதோ சிவப்புத் துணி தப்பி உள்ள போயிருக்குன்னு லாண்டரி மேனேஜர் மேடம் சொல்லிட்டாங்க. பட்டாசை நிறுத்திட்டாங்க."

பட்டாசு என்பது அந்த மேஜையில் நிற்கிற பெண். வாய் அப்படி. எங்கள் கோவில்காரி இல்லை. எங்களுக்கு இரண்டு தெரு பின்னால், படுத்த படுக்கையான தாயை வைத்துக்கொண்டு ஒற்றை அறையில் இருந்தாள். அந்த வேலைதான் அந்த இரண்டு உயிருக்கும் ஆதாரம்.

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவர் கண்ணிலும் ஒரே சிவப்புத் திரை. பிள்ளைகள் முன்னால் கேட்க வேண்டாமென்று அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏழு மணிக்கு முழங்காலில் நின்றோம். அன்றைய செபக் கருத்தைச் சொல்வது எப்போதும் சின்னவள். எதுவும் அறியாத பெண், கை குவித்துச் சொன்னாள்: "பட்டாசு அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்கணும்னு வேண்டிக்குவோம்."

என் பத்து முடிந்தது, ஓரகத்தி சொன்னாள், பெரியவள் சொன்னாள். கொழுந்தன் தொடங்கினார். "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே..." குரல் நன்றாகத்தான் வந்தது. 'உம்முடைய சித்தம்' என்கிற இடத்துக்கு வந்ததும் நின்றது.

காத்திருந்தோம்.

"தொண்டை கட்டியிருக்கு" என்றார்.

"காலையில பாடிக்கிட்டுதானே போனீங்க?" என்றாள் ஓரகத்தி, திரும்பிப் பார்க்காமல்.

"அப்பா, நான் என்னோட அஞ்சாவதை சொல்லிடவா?" என்றாள் சின்னவள்.

"நாலு இல்லாம அஞ்சு எங்கேருந்துடி வரும்?" என்று பெரியவள் அவளைக் கிள்ளினாள்.

கால் மணி நேரம் பார்த்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டு எழுந்தோம். வியாழக்கிழமையும் மூன்றோடு நின்றது. அன்றைக்கு அவர் தொடங்கவே இல்லை. பிள்ளைகள் படிக்கப் போன பிறகு சமையலறையில் ஓரகத்தி கேட்டாள். நான் அங்கேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகச் சொல்வார்கள் என்று பார்த்தேன், சொல்லவில்லை.

"என்னங்க, எப்ப சொல்லப் போறீங்க?"

"எதை?"

"வெங்காயம் உரிக்கிற அக்காவுக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?"

'உஸ்' என்றார். "நான் எனக்காகவா செஞ்சேன்? கோவில் காரியம்."

"ஆண்டவர் வந்து உங்ககிட்ட திரை அழுக்கா இருக்குன்னு அழுதாரா?"

"நான் போய்ச் சொன்னா என்னையும் நிறுத்துவாங்க. ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

"அவளுக்கு அம்மா இருக்கு."

அவர் தண்ணீர் மொண்டு குடித்தார். பிறகு, "சனிக்கிழமை சாமியார்கிட்ட போய் பாவசங்கீர்த்தனம் பண்ணிடறேன்" என்றார்.

"பண்ணுங்க. சாமியார் மன்னிச்சதும் அவ நேரா வேலைக்குப் போயிடலாமா?"

அவர் என்னைப் பார்த்து, "அண்ணி, நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்றார். "எனக்கு வெங்காயத்துலயே கண்ணு எரியுது தம்பி" என்றேன். வேறு என்ன சொல்ல? அந்த வீட்டுச் சோற்றைத் தின்கிறவள் நான். அவர் வேலை போனால் என் தட்டும்தானே காலியாகும். அந்தப் பயம் எனக்கும் இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

சனிக்கிழமை போன வேகத்தில் திரும்பினார்.

"என்ன சொன்னார் சாமியார்?" என்று கேட்டேன்.

"உங்க ஓரகத்தி சொன்னதையேதான் சொன்னார். அதைக் கேக்க அங்க போய் முழங்கால் வேற வலிச்சுது."

ஞாயிற்றுக்கிழமை திரை புதுசு போலத் தொங்கியது. பூசை முடிந்து உபதேசியார் ஒலிபெருக்கியில், "நம்ம திரைய இவ்வளவு அழகா வெளுத்துக் கொடுத்த நல்ல மனசுக்காரருக்கு ஒரு கைதட்டு" என்றார். கோவில் முழுக்கக் கைதட்டியது. கொழுந்தன் தலை குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்தது, அவர் காது மடல் இரண்டும் அந்தத் திரையின் நிறத்தில் இருந்தன. ஓரகத்தி தட்டவில்லை. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் மேடம் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மாள் முதலில் நம்பவில்லையாம். "வெளித்துணி போடக் கூடாதுன்னு அங்க ஒரு பலகை தொங்குதே, அதை மாட்டினது யாரு?"

"நான்தாங்க."

"படிச்சுப் பார்த்துட்டு மாட்டினீங்களா, படிக்காம மாட்டினீங்களா?"

வேலையை விட்டு நிறுத்தவில்லை. பத்தொன்பது வருஷத்தை மனதில் வைத்தார்கள். ஆனால் சூப்பர்வைசர் பதவி போயிற்று. மறுநாளிலிருந்து பிரிக்கிற மேஜையில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். பட்டாசை அழைத்துவரும் பொறுப்பும் அவர் தலையில்.

சாயங்காலம், "அண்ணி, நீங்களும் வாங்க. தனியா போனா அடிச்சாலும் அடிப்பா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அறை வாசலிலேயே நின்றோம். உள்ளே கட்டிலில் தாய், காது அவ்வளவாகக் கேட்காதவள். பட்டாசு அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் நின்றபடியே ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் தாயின் தலையிலிருந்து சீப்பை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"ஆறு நாளா எங்கம்மாகிட்ட எனக்கு லீவுன்னு பொய் சொல்லிட்டிருக்கேன். நீங்க அன்னிக்குப் பக்கத்துலயேதான் நின்னீங்க, இல்ல?"

"நின்னேன்."

"உங்க சாமி திரை சுத்தமாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"நல்லது. என்னைத்தான் அழுக்காக்கிட்டீங்க."

"என்னை மன்னிச்சிரும்மா."

"அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். எல்லார் முன்னாலயும்தானே என்னைத் துரத்தினாங்க? எல்லார் முன்னாலயும் சொல்லணும். மெஷின்காரங்க, இஸ்திரி போடறவங்க, வண்டி தள்றவர் வரைக்கும். சொன்னாதான் உள்ள வருவேன்."

"சொல்றேன்."

கட்டிலில் இருந்த தாய், "யாருடி அது, உக்காரச் சொல்லேன்" என்றாள். "அவங்க உக்கார வரலைம்மா" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி வாரத் தொடங்கினாள். நாங்கள் திரும்பினோம்.

அன்று மாலையும் அவர் தன் பத்தைத் தொடங்கவில்லை. "நாளைக்கு அவ உள்ள வந்துரட்டும்" என்றார். என்ன ஏது என்று கேட்ட பெண்களுக்கு நடந்ததை அவரே சொன்னார். சின்னவள் நெடுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து பத்தும் முழுசாகச் சொல்லி முடித்தோம். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று காலை நடந்ததைப் பிற்பாடு பட்டாசே என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டால் என் கொழுந்தனைப் பற்றிச் சொன்னதாகாது.

வேலை தொடங்குமுன் அத்தனை பேரையும் மெஷின் பக்கத்தில் கூட்டி அவர் சொல்லியிருக்கிறார். "திரையைப் போட்டது நான். அலசாம விட்டது நான். அவ மேல பழி விழுந்தப்ப வாயை மூடிக்கிட்டு நின்னதும் நான்." வண்டி தள்ளுகிறவர் மட்டும், "அப்ப அந்தப் பிரசவ வார்டு வேலை உங்களோடதுதானா சார்?" என்று கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பட்டாசு சிரிக்கவில்லை. வாசலில் நின்று முழுவதும் கேட்டுவிட்டு, நேராக வந்து தன் இடத்தில் நின்றாள்.

கொழுந்தன் மேஜையின் மறுபக்கம் போய் நின்றார். முதல் மூட்டை வந்து விழுந்தது. இரத்தமும் மருந்தும் தோய்ந்த விரிப்புகள். அந்த மேஜையில் அவர் ஒருநாளும் நின்றதில்லை. அவசரமாக இரண்டு கையையும் மூட்டைக்குள் விடப் போனார்.

"நில்லுங்க" என்றாள் பட்டாசு.

நின்றார். திட்டப் போகிறாள் என்று நினைத்தாராம். அவள் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்து அவர் பக்கம் எறிந்தாள்.

"போட்டுக்கிட்டு கையை விடுங்க. துணிக்குள்ள ஊசி கிடக்கும்."