அவெலினா போட்ட பானை

அவெலினா முசிக்குவே சாம்பல் தண்ணீரில் வெந்த மக்காச்சோளத்தைத் தேய்த்துத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் நடுங்கின. பாதி மணிகள் தரையில் சிந்தின. பதினொரு நாளாகத் தூக்கமில்லை.

அவளுடைய அடுப்படிச் சுவரை ஒட்டி ராணுவம் பதுங்குகுழி வெட்டியிருந்தது. எதிர்மேட்டில் இருந்த கெரில்லாக்கள் அதைக் குறிவைத்துச் சுட்டார்கள். குண்டு பாய்ந்தது இவள் சுவரில். சனிக்கிழமை வந்து பொப்பயான் நகரத்துக்குக் கூட்டிப்போவதாக மகள் யானெத் சொல்லியிருந்தாள்.

"பிள்ளைங்க தொப்புள்கொடியெல்லாம் இந்த அடுப்புக்குக் கீழ புதைச்சிருக்கு. எப்படிக்கா விட்டுட்டுப் போறது?" என்று அவெலினா என்னிடம் கேட்டாள்.

இந்த மலையில் முப்பது வருடம் நோயாளிகளைப் பார்த்தவள் நான். இத்தனை குண்டுக்கு நடுங்காத உடம்புதான் எனக்குக் கவலை தரும். தனியாக உட்கார்ந்து நடுங்குவதுதான் ஆளைத் தின்னும். அதை அவளிடம் சொன்னேன்.

"அப்ப மிங்காவுக்குக் கூப்பிடுறேன்" என்றாள்.

மிங்கா என்பது ஊரே கூடிச் செய்யும் வேலை. அதற்குக் கூப்பிடுகிறவர் சமைக்க வேண்டும். அந்தப் பானையில் சாப்பிட்டவர் வேலையில் இறங்க வேண்டும். எங்கள் நாசா பழங்குடி மக்களிடம் இதற்கு விலக்கில்லை.

சனிக்கிழமை காலை எண்பது பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். குழியிலிருந்த சிப்பாய்களில் கடற்கரை ஊர்ப் பையன் ஒருவனுக்குப் பானையின் வாசனை தாங்கவில்லை. கிண்ணத்தை நீட்டி வாங்கி, வழித்துத் தின்றான். அவெலினா அவன் கையில் மண்வெட்டியைத் திணித்தாள்.

"சாப்பிட்டல்ல தம்பி? குழிய மூடு."

பெண்கள் சிரித்த சிரிப்பில் அவன் காது சிவந்தது. மூன்று வெட்டு மண்ணும் தள்ளிவிட்டான். அதற்குள் அவனுடைய தலைவன் துப்பாக்கியோடு ஓடிவந்தான்.

"இது ராணுவ இடம்! சுட்டுருவேன்!"

"சுடேன். உன் பையனைக் கிண்ணத்தக் கழுவி வைக்கச் சொல்லிட்டு அப்புறம் சுடு" என்றாள் அவெலினா.

அவன் எண்பது பேரையும் பார்த்தான். துப்பாக்கியைத் தாழ்த்தினான். மதியத்துக்குள் குழி தூர்ந்தது. ராணுவம் மூட்டை கட்டிச் சாலைக்கு இறங்கியது. பஸ் டிக்கெட்டோடு வந்த யானெத்தும் ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு மண் தள்ளினாள்.

"மேட்டுக்காரன் மறுபடி சுட்டா என்னம்மா பண்ணுவ?"

"அவனுக்கும் இன்னொரு பானை போட வேண்டியதுதான்."

அன்று மாலை அவெலினா இரண்டு மணி நேரம் தூங்கினாள். கை நடுக்கம் நிற்கவில்லை. நிற்க நாளாகும்.

மறுநாள் காலை அவள் சூடான பானையை முதுகில் கட்டிக்கொண்டு கெரில்லாக்களின் மேட்டுக்கு ஏறினாள். மண்வெட்டிகளோடு நாங்கள் பின்னால் போனோம்.