சத்தம் போடாத நாலு டயர்: மடுல்கெல்லயிலிருந்து கண்டிக்கு

போன மாதம் நாவலப்பிட்டியிலிருந்து ஒருவர் இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார். வீட்டில் பெரிய ஜீப் ஒன்று இருக்கிறதாம். அப்பாவை டயலைசிஸுக்குக் கண்டிக்குக் கொண்டுபோய் வருகிறார்களாம். டயர் நாலும் தேய்ந்துவிட்டது, எதைப் போடுவது, எங்கே விசாரிப்பது என்று கேட்டிருந்தார். கதிர்காமத்துக்கும் முன்னேஸ்வரத்துக்கும் போய்வந்ததை எழுதுகிறவளிடம் டயரைப் பற்றிக் கேட்கிறாரே என்று முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. அந்த மாதிரிப் பயணம் நாங்களும் போயிருக்கிறோம்.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். டயரின் விஞ்ஞானம் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிவரைக்கும் எந்த வளைவில் எந்தக் குழி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அதனால் எழுதலாம் என்று துணிந்தேன்.

போன வருடம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. என் மருமகள் வசந்திக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் போய் ஏழு மாதமாகியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் கண்டி பெரியாஸ்பத்திரியில் மெஷினில் நாலு மணி நேரம் படுக்க வேண்டும். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது, தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே இருக்கிற வளைவில் ஜீப்பின் பின்சக்கரம் சேற்றில் வழுக்கி, வண்டி பக்கவாட்டாகப் போய்த் தேயிலைச் செடியில் சாய்ந்து நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் என் மகன் யோகராஜ் இறங்கி டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்படியே சேற்றில் குந்திவிட்டான். அன்றைக்கே முடிவு செய்தான், அடுத்த செவ்வாய்க்கிழமை டயர் மாற்றுவதென்று.

எங்கள் ஜீப் எட்டுப் பேர் ஏறக்கூடியது. மகனுக்கு மடுல்கெல்ல பஜாரில் பலசரக்குக் கடை. சாமான் ஏற்றவும் குடும்பத்தோடு கோயில் குளம் போகவும் பழைய வண்டியாகப் பார்த்து வாங்கினான். தோட்டத்தின் எங்கள் பிரிவில் முதல் ஜீப் எங்களுடையதுதான். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

காலை நாலே முக்காலுக்குப் புறப்பட்டோம். நாங்கள் இருக்கிற லயத்தடியிலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, மடுல்கெல்ல சந்திவரை மூன்று கிலோமீட்டர் கல்ரோடு. அதற்கு மட்டும் இருபது நிமிஷம். பிறகு பன்வில, வத்தேகம, மடவளை, கட்டுகஸ்தோட்டை. மொத்தம் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இதே வழியில் நோயாளியைக் கொண்டுபோகிறவர்கள் ஆறரைக்கு முன்பு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும். தாண்டாவிட்டால் பள்ளிக்கூட வாகனங்களுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போகலாம்.

வசந்தி பின்சீட்டில் என் மடியில் தலைவைத்துப் படுத்து வருவாள். முன்சீட்டை நான் விட்டுக்கொடுத்தது அவளுக்காகத்தான். அதையும் அவள் சும்மா விடமாட்டாள்.

"அத்தை, முன்சீட்டுல நீங்க இல்லாம ஜீப்புக்கே களையில்ல."

"வாய மூடிட்டுப் படுடி. காத்து உள்ள போவுது."

போகும்போது பேசுவாள். திரும்பும்போதுதான் பாடு. மெஷினிலிருந்து இறங்கினால் உடம்பில் தெம்பே இருக்காது. கால் நரம்பு இழுக்கும். வண்டி குலுங்கக் குலுங்க வாந்தி வரும். எங்கள் பழைய டயர் பெரிய பல் வைத்த மலை டயர். தார் ரோட்டில் ஓடினால் வண்டு குடைகிற மாதிரி ஒரு இரைச்சல் வந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சல் மண்டைக்குள் போகிறது என்று இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். ஏழு மாதத்தில் ஒருநாளாவது அவள் வண்டியில் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நேரம் மகன் மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு வந்தான். பதினொன்றரைக்கு வசந்தியை இறக்கினார்கள். வாசலுக்கு வரும்போதே முகம் வெளுத்திருந்தது. பிறகு வரலாம் என்றேன். "வழிதானேம்மா, அரை மணித்தியாலத்துல முடிஞ்சிரும்" என்றான் மகன். கடை கட்டுகஸ்தோட்டைப் பக்கம், வீட்டுக்குப் போகிற வழியிலேயே இருந்தது.

கடைக்காரர் நஸார் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்) வாய் ஓயாதவர். நாங்கள் இறங்குமுன்னமே பேசத் தொடங்கிவிட்டார்.

"வாங்க தம்பி, வாங்க. இவங்க உம்மாவா? இரிங்கம்மா, கதிர போடச் செல்றேன். தங்கச்சிக்குச் சோடா ஒண்டு உடைக்கவா?"

"வேணாங்க நானா, எனக்குத் தண்ணி கணக்கு" என்றாள் வசந்தி. அவருக்கு அது விளங்கவில்லை. சிறுநீரகம் போனவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டுமென்று மகன் மெதுவாகச் சொன்னபிறகு சோடாப் போத்தலை எடுத்த கையோடு உள்ளே வைத்துவிட்டார்.

மகன் கேட்டது மலை டயர்தான். புதுப் பல், ஒவ்வொன்றும் என் விரல் தடிப்பு. ஒன்று அறுபத்துநாலாயிரம் ரூபாய். நஸார் நானா அதை உருட்டிக் காட்டிக்கொண்டே, ரோட் டயர் என்று ஒன்று இருக்கிறது, ஐம்பத்தெட்டாயிரம், தார் ரோட்டுக்குப் பட்டு மாதிரி என்றார்.

"அது சத்தம் போடாதா?" என்று கேட்டேன்.

"சத்தமா? எண்ட வேனுக்கு அதுதான் போட்டீக்கி. ஏறிப் பாருங்க, நான் பொய் செல்றேனா எண்டு."

மகனுக்கு இஷ்டமில்லை. நம்ம ரோட்டுக்கு அது ஆகாது என்றான். நான்தான் ஏறுவோம் என்றேன். உள்ளதைச் சொன்னால், டயரைப் பார்க்க அல்ல. கடை வாசல் வெயிலில் வசந்தியை உட்கார்த்திவைக்க எனக்குப் பொறுக்கவில்லை. வேன் நிழலில் நின்றது, சீட்டும் நீளமாக இருந்தது. அதில் அவளைப் படுக்கவைத்து வழக்கம்போல் தலையை மடியில் வாங்கிக்கொண்டேன். நஸார் நானாவே ஓட்டினார். மகன் அவர் பக்கத்தில். பாலம்வரை போய்த் திரும்புவதாகப் பேச்சு.

அந்த வேன் ஓடியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஓடுகிறதா நிற்கிறதா என்று ஜன்னலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நஸார் நானா டயரின் அருமை பெருமையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பாலத்துக்குக் கிட்ட வரும்போது என் மடி கனத்தது. குனிந்து பார்த்தேன். வசந்தியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. பழக்கத்தில் காதைப் பொத்தியிருந்த கை நழுவிச் சீட்டுக்குக் கீழே தொங்கியது. மூக்குக்குக் கிட்ட விரலை வைத்தேன். மூச்சு வந்தது. தூங்கிவிட்டாள்.

மகன் திரும்பிப் பார்த்தான். வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவன் கியரைப் பிடித்திருந்த நஸார் நானாவின் கையைத் தொட்டான். அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அத்தோடு அவர் பேச்சு நின்றது. பாலத்தில் திரும்ப வேண்டியவர் திரும்பாமல் தாண்டினார். மடவளையையும் தாண்டினார். கடையிலிருந்து அவருக்கு இரண்டு தரம் போன் வந்தது. அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். வத்தேகம பஜாருக்குக் கிட்டப் போய்த்தான், இடம் பார்த்து, குழந்தையைத் தொட்டிலில் திருப்பிப் போடுகிற மாதிரி வண்டியைத் திருப்பினார்.

அந்த வழி முழுக்க என் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். சத்தமில்லாமல்தான். நான் பார்க்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கடைக்கு வந்து நின்றதும் வசந்தி விழித்துவிட்டாள். "என்னங்க, பாலம் போயிட்டு வந்துட்டோமா?" என்றாள். மகன் நஸார் நானாவைப் பார்த்து, "நானா, இதையே நாலும் போடுங்க" என்றான்.

அங்கேதான் சண்டை தொடங்கியது.

"இது நம்ம ரோட்டுல ஏறுமா?" என்றாள் அவள். மகன் டயர் அடுக்குப் பக்கம் போனான். அவள் கடைக்காரரைக் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"காஞ்ச நாளைக்கி ஏறும் தங்கச்சி. மழைக்கிச் சேத்து ரோட்டுல ஏறாது. வல்லாஹி, நான் ஏமாத்த மாட்டேன்."

"அப்பப் பல்லு வச்சதையே போடுங்க" என்றாள் வசந்தி.

"நீ தூங்குன புள்ள. அர மணித்தியாலத்துக்கு மேல தூங்குன" என்றான் மகன்.

"தூங்குனா என்ன? டயர் எத்தன வருசம் ஓடும் நானா?"

"நல்லாப் பாத்தா அஞ்சு வருசத்துக்கு இந்தப் பக்கமே வரத் தேவல்ல" என்றார் அவர், வியாபாரப் பழக்கத்தில்.

வசந்தி சிரித்தாள். "பாத்தீங்களா? எனக்கா அஞ்சு வருசம்? அவளுக்காகப் போட்டோம்னு நாள்பட்டுப் பிள்ளைகளும் நீங்களும் சேத்துல வழுக்கிக்கிட்டுக் கெடப்பீங்க. எனக்கப்புறமும் ஓடப்போற டயர், அதுக்கேத்த மாதிரி பாத்துப் போடுங்க."

நஸார் நானா தரையைப் பார்த்தார். என் மகன் டயர் அடுக்கில் கையை ஊன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டான். டாக்டர் என்ன சொன்னார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

"அடியே, இந்த வீட்டுக்கு வந்து இருவது வருசமா என் சொல்ல ஒருநாள் கேட்டிருப்பியா? இன்னைக்கிக் கேக்கிற. மழைக்கு ஏறாட்டி ஜீப்பு கீழ நிக்கும். நடக்கக் காலில்லையா எங்களுக்கு? நானா, நீங்க மாட்டுங்க."

"அத்தை..."

"எத்தன நாள்னு எவனும் எழுதித் தரல்ல. இருக்கிற நாளைக்கி நீ தூங்கிட்டு வரணும். அவ்வளவுதான்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, உங்க ஜீப்பு, உங்க இஷ்டம்" என்றாள். மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. நாலு தேசிக்காயை, அதுதான் எலுமிச்சம்பழத்தை, நஸார் நானாவே கொண்டுவந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே வைத்தார். வருகிறவர்கள் கேட்பார்களென்று கடையில் எப்போதும் வைத்திருப்பாராம். அவை நசுங்கிய சத்தம் வசந்திக்குக் கேட்டிருக்காது. எங்கள் வண்டியில் ஏறிப் படுத்த கொஞ்ச நேரத்திலேயே கண்ணை மூடிவிட்டாள்.

அந்த ஆடியிலிருந்து எல்லாச் செவ்வாயும் வெள்ளியும் அவள் தூங்கிக்கொண்டுதான் திரும்பினாள். பன்வில தாண்டிக் கல்ரோடு தொடங்கும்போது விழிப்பாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நஸார் நானா சொன்னது அப்படியே நடந்தது. ஜீப் சந்தியில் நின்றுவிட்டது. பிளாஸ்டிக் கதிரையில் அவளை உட்காரவைத்து, மகனும் லயத்துப் பொடியன்மாரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு அந்த மூன்று கிலோமீட்டரும் ஏறினார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

"அத்தை, சாமி ஊர்வலம் போவுது. வாசல்ல தண்ணி தெளிச்சு வைக்கச் சொல்லுங்க" என்பாள்.

"சாமி கனக்குது, கொஞ்சம் வாய மூடச் சொல்லுங்க பாட்டி" என்பான் தூக்குகிறவர்களில் ஒருவன். அந்த மழையிலும் சிரித்துக்கொண்டுதான் ஏறுவோம்.

மாசி மாதம் காய்ச்சல் கண்டு வார்டில் சேர்த்தோம். ஆறாம் நாள் போய்விட்டாள். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தது வேறு வண்டி. அதற்கு என்ன டயர் என்று நான் பார்க்கவில்லை.

நாவலப்பிட்டிக்காரருக்கும், இந்த மாதிரிப் போய்வருகிற மற்றவர்களுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன். டயரின் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் செய்த வாரம், பின் இரண்டும் வருடம். இரண்டு வருடத்துக்கு முந்தியதைக் கொடுத்தால் வேண்டாமென்று சொல்லுங்கள். நாலையும் ஒன்றாக மாற்றுங்கள். பேலன்சிங் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள், பார்க்காவிட்டால் புது டயரும் நடுங்கும். பழையதில் நல்லது ஒன்றை ஸ்பெயாருக்கு வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்கு ஒரு தலையணையும், மூடிபோட்ட வாளி ஒன்றும் வண்டியிலேயே இருக்கட்டும்.

எந்த டயர் நல்லது என்று கேட்டால், அது உங்கள் ரோட்டைப் பொறுத்தது. மலை ரோட்டுக்குப் பல் வைத்ததுதான் சரி, என் மகன் முதலில் சொன்னதில் பிழையில்லை. ஆனால் ஓட்டுகிறவர் மட்டும் கடைக்குப் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டாம். பின்சீட்டில் படுத்து வருகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த டயர் போட்ட வண்டி ஒன்றில் கொஞ்சத் தூரம் ஓடிப் பார்க்கக் கேளுங்கள். மனுசராக இருந்தால் மறுக்கமாட்டார்கள்.

எங்கள் ஜீப்புக்கு இன்னும் அதே நாலு டயர்தான். தேய்மானம் அதிகமில்லை. கடைக்குச் சாமான் ஏற்ற மலை டயர் போட்டால் சுகம் என்று ஊரில் எல்லாரும் மகனிடம் சொல்கிறார்கள். அவன் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறான். நான் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. மழை நாளில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சந்தியில் இறங்கி நடந்துதான் வர வேண்டும். ஜீப் அங்கேதான் நனைந்துகொண்டு நிற்கும்.