மூன்று மூலை நட்சத்திரம்

என் அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மாமா முடுக்கிய போல்ட்டைக் கழற்ற இன்னொரு பிறவி எடுக்க வேண்டும். எதையும் லூசாக விட்டால் உயிர் போகும் என்பது அவர் வேதம். வீட்டில் பாட்டில் மூடியைக்கூட அவர் மூடினால் அவரேதான் திறக்க வேண்டும்.

அக்காவுக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. நடுவில் கொஞ்சம்தான் மங்கலாக மிச்சம். அதுவும் நிலைக்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து மாமா அவள் முழங்கையை விடவே இல்லை. என்ன பார்க்க ஆசை என்று அவர் கேட்டதற்கு, சனியின் வளையம் என்றாள். சனி நம்மைப் பார்க்கக் கூடாதென்று ஊரே பயப்படுகிறது, இவள் சனியைப் பார்க்கப் போகிறாளாம் என்று கிண்டல் செய்தேன். மாமா சிரிக்கவில்லை. பழைய டெலஸ்கோப் ஒன்றும் சின்னக் கேமராவும் வாங்கி வந்தார். கேமரா பிடிப்பதை டிவியில் பெரிதாகக் காட்டினால் அவள் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

டெலஸ்கோப் குழாயின் அடியிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அதன் விளிம்பைப் பிடிக்கும் பிடிகளில் மாட்டினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அதன் சாய்வைச் சரிசெய்ய மூன்று திருகுகள் உண்டு. நட்சத்திரத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினால் வட்டத்துக்குள் வட்டமாக, எல்லாவற்றுக்கும் ஒரே நடுவாகத் தெரிய வேண்டும். அவருக்கு வந்ததோ மூன்று மூலை. இரவுதோறும் மொட்டைமாடியில் திருகிப் பார்த்தார், மூலை போகவில்லை. சனி நசுங்கிய பொத்தானாகத்தான் தெரிந்தது. அதற்குள் அக்கா கதவு நிலையில் இடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் மாமா குழாயைக் கட்டிக்கொண்டு தேம்பினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைத் தூக்கி எறிந்திருப்பேன்.

அக்காதான் கேட்டாள்: "என் மூக்குக்கண்ணாடிய முடுக்கி முடுக்கி உடைச்சீங்களே, அதே கைதானே இது? இந்தக் கண்ணாடிய எத்தனை பிடி பிடிச்சிருக்கு?"

"மூணு," என்றவர் குழாயைக் கவிழ்த்துப் பிடிகளைப் பார்த்தார்.

பிடிகளைத் தளர்த்த அவருக்குக் கை வரவில்லை. விழுந்துவிடும், விழுந்துவிடும் என்று புலம்பிக்கொண்டே தளர்த்தினார். மூன்று பிடிகளின் இறுக்கத்தில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாமல் வளைந்திருந்திருக்கிறது. திருகுகளை மறுபடி சரிசெய்ததும் வட்டத்துக்குள் வட்டம் வந்தது.

மாடிக்குத் தூக்கி வந்த டிவியில் வளையம் தனியாக, கிரகம் தனியாகத் தெரிந்தது. அக்கா திரையில் மூக்கு ஒட்ட, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை முகத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். வளையம் முழுதாக அவள் பார்வைக்குள் அடங்கவில்லை. காலம் கடத்திவிட்டேனே என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"பரவால்ல, மனசுல கோத்துக்கிட்டேன்," என்றாள்.

இறங்கப் படிக்கட்டுக்கு வந்தபோது அவர் கை வழக்கம்போல முழங்கைக்குப் போனது.

"விடுங்க. கொஞ்சம் தெரியறப்பவே பழகிக்கறேன்."

விட்டார். சுவரைத் தடவி அவள் இறங்க, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, அழுதுகொண்டே பின்னால் இறங்கினார்.